செல்வக்குமார் என்ற பெயரில் இருபத்தாறு நாட்கள்

ஆஸ்பத்திரியில் மொத்தம் நாற்பத்தொரு நாள் படுத்திருந்தேன். அதில் முதல் இருபத்தாறு நாள் நான் செல்வக்குமார். மீதிப் பதினைந்து நாள்தான் இசக்கிமுத்து. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கால் எப்படிப் போயிற்று என்றே கேட்கிறார்கள். காலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மரத்தடி உருண்டது, அவ்வளவுதான். பெயர் போன கதையைத்தான் சொல்ல வேண்டும். தூத்துக்குடி கன்டெய்னர் யார்டுகளில் இன்றைக்கும் அடுத்தவன் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செல்வக்குமார் என் தங்கை பேச்சியின் புருஷன். பைபாஸ் பக்கம் உள்ள ஒரு யார்டில் கான்ட்ராக்டரிடம் லோடுமேன். நான் உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் கிடையாது. வேலை இருந்தால் கூலி, மழை பெய்தால் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் வசவு. செல்வக்குமாருக்கு ஊரில் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது வந்தால், அவன் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் போவேன். இரண்டு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அங்கே எல்லாருக்கும் உண்டு. அதனால் பாதிப் பேருக்கு என்னைப் போல ஒரு பதிலாள் இருந்தான். அட்டையிலுள்ள போட்டோ வெயிலில் வெளுத்துப்போய் மீசை மட்டும்தான் தெரியும். மீசை எனக்கும் இருந்தது. மேஸ்திரி அந்தோணிக்கு எல்லாம் தெரியும், தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும். சம்பளம் செல்வக்குமாரின் கணக்கில் ஏறும். அவன் அதை எடுத்து அப்படியே என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். ஒரு தடவைகூடக் குறைத்ததில்லை, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கொடைக்கு அவன் ஊருக்குப் போன இரண்டாம் நாள். காலை பத்து மணி இருக்கும். வெளிநாட்டு மரத்தடிகள் வந்த ஒரு கன்டெய்னரைத் திறந்தோம். உள்ளே அடுக்கு தளர்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. மேலே இருந்த தடி நழுவி, கதவு விளிம்பில் ஒரு தடவை குதித்து, என் இடது காலின் மேல் வந்து நின்றது. முதலில் வலிக்கவே இல்லை. எழுந்து நிற்கப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்ததைப் பார்த்த பிறகுதான் கத்தினேன்.

வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தோணி மேஸ்திரி என் தலைமாட்டில் குனிந்தார். "ஏலே இசக்கி, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்க. நீ இப்ப செல்வக்குமாரு. அவன் பேர்ல இன்சூரன்ஸ் இருக்கு, வைத்தியத்துக்கு ஒரு பைசா ஆவாது. உன் பேரச் சொன்னேன்னா உனக்கும் ஒண்ணும் கெடைக்காது, உன் மாப்பிள்ளைக்கும் வேல போயிரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் என்னை ராஜா என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

அவசரப் பிரிவில் அட்டையிலிருந்த எண்ணைத் தட்டினார்கள், பெயர் வந்தது. கைரேகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். செல்வக்குமார், ஆண், வயது முப்பத்தாறு. எனக்கு நாற்பத்து மூன்று. அந்த நிலைமையிலும் ஏழு வயது குறைந்ததில் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

முதல் வாரம் நடந்ததைப் புரிகிறபடி சொல்கிறேன். கீழ்க்காலில் இருக்கும் இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. தோல் கிழிந்து மண்ணும் மரத்தூளும் உள்ளே போயிருந்ததால் மாவுக்கட்டுப் போட முடியாது என்றார்கள். எலும்புக்குள் ஆணி இறக்கி, காலுக்கு வெளியே கம்பி வைத்து இறுக்கினார்கள். இரண்டாம் நாள் கால் வீங்கிக் கல்லாகிவிட்டது. சதைக்குள் அழுத்தம் ஏறினால் ரத்தம் ஓடாது, சதை செத்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்து விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்படியே செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் செத்த சதையை எடுத்துக் கழுவினார்கள். மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள். ஆனால் மயக்கம் தெளிகிற நேரம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்த வாரத்திலேயே எனக்குச் சர்க்கரை இருப்பதும் தெரிந்தது. அதுவரை என் மனைவி கனி தினமும் பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள். அன்றோடு அது நின்றது. காலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இந்தக் காப்பி போனது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

ஆனால் கனி அங்கே என் மனைவி இல்லை. நோயாளியோடு தங்க ஒருவருக்குத்தான் பாஸ். அதை மனைவி பெயருக்கு எழுதினார்கள். செல்வக்குமாரின் மனைவி பேச்சி. ஆகவே என் தங்கை என் கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவியாக உட்கார்ந்தாள். கனி பார்வையாளர் நேரத்தில் மட்டும் பேச்சியின் அண்ணி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் நாள் நர்ஸ் பேச்சியைக் கூப்பிட்டு, உடம்பு துடைக்கும்போது வீட்டுக்காரரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சின்ன வயதில் நான் தூக்கிச் சுமந்த பிள்ளை அவள். சாயங்காலம் வந்த கனியிடம் அதைச் சொன்னபோது, "இருக்கட்டும் மைனி, நம்ம அண்ணன்தான" என்று பேச்சி சிரிக்கப் பார்த்தாள். கனி சிரிக்கவில்லை.

செல்வக்குமார் வந்தது மூன்றாம் நாள். வாசலில் பார்வையாளர் நோட்டில் தன் பெயரை எழுத முடியாமல் இசக்கிமுத்து என்று எழுதிவிட்டு வந்திருந்தான். என் காலைப் பார்த்துவிட்டு அழுதான். அழுது முடித்தபின், நீர் சுகமாகி எழுந்திரும் மச்சான், வேறெதையும் யோசிக்காதீரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

எனக்குப் பயம் சரியாகப் பிடித்தது ஒன்பதாம் நாள். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஒத்துவராத வகை ரத்தத்தை ஏற்றினால் ஆளே போய்விடுவார், அதனால் ஏற்றுவதற்கு முன் எப்போதும் சோதித்துப் பார்ப்பார்கள். லேபிலிருந்து ஒரு பெண் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். அரை மணியில் திரும்பி வந்து மறுபடியும் எடுத்தாள். செல்வக்குமார் முன்னால் மஞ்சள் காமாலைக்கு இதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்திருக்கிறான். கம்ப்யூட்டரில் அவனுக்கு ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. என்னுடையது பி பாசிட்டிவ். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அந்தப் பெண் சாதாரணமாக, "பழைய ரெக்கார்டுல தப்பா ஏத்திருக்காங்க சார், நான் திருத்திட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றிலிருந்து செல்வக்குமாருக்கு என் ரத்தம். நாளைக்கு அவனுக்கு ஒரு விபத்து என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு நடுங்கியது. குளிர் என்று நினைத்து நர்ஸ் இன்னொரு போர்வை போர்த்தினார்.

ரத்தினம் அண்ணாச்சி லோடுமேன்களுக்காகச் சங்கம் நடத்துகிறவர். விஷயம் கேள்விப்பட்டு வந்தார். வாழ்நாளில் மெதுவாகப் பேசியறியாத மனிதர், அன்றைக்கு என் காதோரம் வாயை வைத்துப் பேசினார்.

"முன்னாலன்னா ரெண்டு சாட்சி, மேஸ்திரி குடுத்த துண்டுச் சீட்டு, இத வச்சே நஷ்டஈட்டுக்குச் சண்ட போட்ருக்கேன். கான்ட்ராக்டரும் சனியன் தொலஞ்சாப் போதும்னு ஏதாவது குடுத்து முடிச்சிருவான். இப்பப் புதுச் சட்டம். எல்லாருக்கும் வேல ஆர்டர் குடுக்கணும், ஆதாரோட ஒரே நம்பரு. உள்ள இருக்கவனுக்கு அது நல்லதுதான், நான் இல்லங்கல. ஆனா நீ உள்ள இல்லயே."

அப்படியானால் செல்வக்குமாராகவே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். கால் விளங்காமல் போனால் இன்சூரன்ஸில் மாதாமாதம் பென்ஷன் உண்டு, சாகிறவரை வரும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அண்ணாச்சி என் கால் கம்பிகளைப் பார்த்தார். "வரும். ஆனா அந்த நம்பர்ல கால் இல்லன்னு ஏறிட்டுன்னா, செல்வக்குமாரு எந்த யார்டுக்குப் போனாலும் அவனுக்குக் கால் இல்ல. முன்ன மாதிரி வேற கான்ட்ராக்டர்ட்ட வேற பேரச் சொல்லிச் சேர முடியாது பாத்துக்க" என்றார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நான் என் பெயரைச் சொன்னால் அந்த யார்டுக்குள் போகாத ஆள். செல்வக்குமார் பெயரிலேயே இருந்தால் எனக்குச் சோறு கிடைக்கும், அவனுக்கு இனி மூட்டை தூக்கும் வேலை கிடைக்காது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அடுத்த தடவை அவன் வந்தபோது இதைச் சொன்னேன். அவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். "பேரு இருந்துட்டுப் போவுது மச்சான். பென்சன் வந்தா அப்படியே கொண்டாந்து தாரேன். நான் எங்கனயாவது கூலிக்குப் போய்க்கிடுதேன், நீரு போகலயா" என்றான். மனதாரச் சொன்னான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

இருபதாம் நாளுக்குமேல் காலிலிருந்து வாடை வந்தது. சீழை எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்ப்பார்கள். கல்ச்சர் என்று பெயர். எங்கள் கிருமி எதற்கும் லேசில் சாகிற ஜாதி இல்லை. விலை கூடிய ஊசி மூன்று வேளை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி எலும்புக்குள் போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, செயற்கைக் கால் மாட்டி நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் பேச்சியிடம் சொன்னார். சம்மதப் படிவத்தை அவளிடம் நீட்டினார்கள். உறவு முறை என்ற இடத்தில் மனைவி என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். பேச்சி பேனாவை வாங்கிக்கொண்டு கனியைத் திரும்பிப் பார்த்தாள். கனி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் காலை எடுக்கலாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள் மெதுவாகத் தலையசைத்ததும் பேச்சி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்குக் கால் போவதில்கூட அவ்வளவு பயமில்லை. நான் மேஜையிலேயே செத்துப்போனால் என்ன ஆகும் என்று ஒரு யோசனை வந்தது, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. செல்வக்குமார் செத்தான் என்று எழுதுவார்கள். என் தங்கை காகிதத்தில் தாலி அறுப்பாள். செல்வக்குமார் உயிரோடு எந்த ஆபீஸுக்கும் போக முடியாது. கனி என் பிணத்தைக் கேட்டால் நீ யார் என்று கேட்பார்கள். வார்டிலிருந்து தியேட்டர் வரை அந்த வராந்தா முழுக்க இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியிடம் பெயரையும், எந்தக் கால் என்பதையும், என்ன ஆபரேஷன் என்பதையும் அவர் வாயாலேயே கேட்பார்கள். ஆள் மாறிவிடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு. பச்சைத் துணி கட்டிய நர்ஸ் காகிதத்தைப் பார்த்தபடி உங்கள் பெயர் என்ன என்றார்.

"இசக்கிமுத்து."

அவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஊசி மயக்கமா என்று டாக்டரைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்: "என் பேரு இசக்கிமுத்து. பட்டைல எழுதிருக்கவன் என் தங்கச்சி மாப்பிள்ள. கையெழுத்துப் போட்டது என் தங்கச்சி. வெளிய நிக்காள்லா, அவதான் என் பெண்டாட்டி."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். திட்டவில்லை. யாரோ ஒருவருடைய சம்மதத்தில் உன் காலை நான் வெட்ட முடியாது என்று மட்டும் சொன்னார். அது நியாயம்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, என் ஆபரேஷனைத் தவிர. இன்சூரன்ஸ் பதிவை நிறுத்திவைத்தார்கள். விளக்கம் கேட்டு எழுதி வாங்கினார்கள். ஆம்புலன்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே முதலிலிருந்து ரத்தம், எக்ஸ்ரே, படிவம். கனி மனைவி என்று கையெழுத்துப் போட்டாள், எழுத்து கோடு தாண்டிப் போயிற்று. இதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. கிருமி ஏறிவிட்டது என்று முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். கீழே எடுத்தால் முழங்கால் மிஞ்சும், நடக்க எளிது. மேலே எடுத்தால் மாட்டுகிற கால் கனம், பழகுவதும் கஷ்டம். அந்த இரண்டு நாள்தான் காரணமா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது செல்வக்குமாரின் அட்டையை யார்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். அந்தோணி மேஸ்திரிக்கு என்னைத் தெரியவே தெரியாதாம். ரத்தினம் அண்ணாச்சி என் பெயரில் நஷ்டஈட்டு மனு எழுதிப் போட்டார். போடும்போதே அவர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை அறை இரண்டாவது மாடியில். கைகால் போனவர்கள் மனுவைக் கேட்கிற அறையை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ. ஊன்றுகட்டையோடு ஏறி முடிக்கையில் சட்டை நனைந்துவிட்டது. என்னோடு பேச்சியும் செல்வக்குமாரும் வந்தார்கள். கனிக்கு அன்றைக்கு வேலையை விட முடியவில்லை, இப்போது அவள்தான் இறால் கம்பெனிக்குப் போகிறாள்.

கான்ட்ராக்டரின் வக்கீல் நிதானமாகப் பேசினார். அன்றைய வருகைப் பதிவில் செல்வக்குமார் வேலை செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியின் முதல் சீட்டில் அடிபட்டவர் செல்வக்குமார். அந்தச் செல்வக்குமார் இதோ இரண்டு காலோடு நிற்கிறார். ஆகவே எங்கள் யார்டில் யாருக்கும் கால் போகவில்லை. இந்த மனுதாரருக்கு எங்கே அடிபட்டதோ எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னதில் ஒவ்வொரு வரிக்கும் காகிதம் இருந்தது.

அதிகாரி நடுவயதுப் பெண். கெட்டவர் இல்லை. செல்வக்குமாரைப் பார்த்து நேராகவே சொன்னார். அன்று நான் போகவில்லை, என் அட்டையில் இவர்தான் போனார் என்று நீங்கள் வாக்குமூலம் கொடுத்தால் இவர் மனு நிற்க வழி உண்டு. கொடுக்காவிட்டால் நிற்காது. ஆனால் கொடுத்தால், அட்டையை மாற்றிக் கொடுத்ததும் போகாத நாளுக்குச் சம்பளம் வாங்கியதும் உங்கள் எண்ணோடு பதிவாகும். அதன் பேரில் உங்கள் மேல் நடவடிக்கையும் வரலாம். யோசிக்க வேண்டுமானால் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மூன்று மாதமாக அவனுக்கு வேலை இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

செல்வக்குமார் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன் மச்சான்" என்றான்.

மாடிப்படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு இரண்டு படியாக இறங்கினான். கால் மணி நேரம் ஆயிற்று, அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மனுவை எடுத்தார். பிறகு அதற்கடுத்ததையும் எடுத்தார். பேச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கீழே டீக்கடை தெரியும். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போய்த் தேடவில்லை. போய்ப் பார் என்று நானும் சொல்லவில்லை.